நாற்பது கடல் மைலுக்குப் பதினெட்டு டின்

கப்பலில் எரிபொருள் குறைவாக இருக்கிறது என்பது ரஹீமா நாச்சியாவுக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெரிந்தது. ‘கடல்நாரை’ நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பி அப்போது இருபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்தமான் இன்னும் நானூற்றைந்து கடல் மைல் தள்ளி இருந்தது. பாதிக்கு மேல் ஹைட்ரஜன் மீதி இருப்பதாகத் திரை பச்சை எழுத்தில் சொன்னது. டேங்க்கின் மேல் இருந்த அழுத்தமானியின் முள் பாதிக்குக் கீழே நின்றது.

ரஹீமா முள்ளை நகத்தால் இரண்டு தட்டு தட்டினாள். அது அசையவில்லை.

கசிவு என்றுதான் முதலில் நினைத்தாள். மோப்பக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறு டேங்க்குகளையும், ஒவ்வொரு குழாய் மூட்டையும் சுற்றி வந்தாள். கருவி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கசிவு இருந்திருந்தால் பயந்திருப்பாள். இல்லை என்றதும் அதைவிடக் கூடுதலாகப் பயந்தாள். எரிவாயு எங்கும் போகவில்லை என்றால், அது முதலிலேயே வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பயணத்தில் எஞ்ஜின் அறைக்கு அவள்தான் முழுப் பொறுப்பு. தலைமை எஞ்ஜினியர் கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் போயிருந்தார். ரஹீமாவுக்கு இருபத்தேழு வயது, சொந்த ஊர் நாகூர். தனியாகப் பொறுப்பேற்று அவள் கையெழுத்துப் போட்ட முதல் எரிபொருள் ரசீது அவளுடைய சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்தாள். ‘ஏற்றியது: 2,20,000 மெகாஜூல்’ என்று அழகாக அச்சாகியிருந்தது.

அந்த வருடம்தான் ஒரே அளவைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. டீசல் லிட்டரில், வாயு கிலோவில், மின்சாரம் யூனிட்டில், சாப்பாடு கலோரியில் என்று ஆளுக்கொரு அளவில் பேசிக்கொண்டிருந்த உலகம் இனி மெகாஜூலில் மட்டும் பேச வேண்டும். பிஸ்கட் பொட்டலத்திலும் மெகாஜூல், விறகுக் கட்டிலும் மெகாஜூல். ஒரு கல்லூரி மாணவன் தான் சாப்பிட்ட பரோட்டாவில் மோட்டார் சைக்கிள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டு வெளியிட, நாடே சிரித்தது. கப்பல்காரர்களுக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது. வாங்கும்போதே ஆற்றலாக வாங்கிவிடலாம், மாற்றிப் பார்க்கும் வேலை மிச்சம்.

ரஹீமா ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு எண்களை எழுதினாள். 142. 120. ஒன்றை மற்றதால் வகுத்தாள். பிறகு மாடிப்படி ஏறி மேலே போனாள்.

கேப்டன் கஸ்பார் பர்னாந்து தூத்துக்குடிக்காரர், ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு. வானிலைப் படத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்கிழக்கே ஒரு புயல் சின்னம் உருவாகி, நாளை சாயங்காலம் தீவை நெருங்கும் என்று செய்தி வந்திருந்தது. துறைமுகத்தைச் சனிக்கிழமை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். கடல்நாரை இரண்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை.

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன்.”

“உக்காந்து சொல்லு.”

அவள் நின்றுகொண்டே சொன்னாள். “ரசீதுல இருநூத்தி இருபதாயிரம்னு இருக்கு. நம்ம எஞ்ஜினுக்கு அதுல நூத்தி எம்பத்தாறாயிரம்தான் கிடைக்கும்.”

“ஏமாத்திட்டானா?”

“இல்ல சார். அவங்க சொன்னதும் நிஜம், நம்ம கம்ப்யூட்டர் நெனச்சுக்கிட்டதும் நிஜம். ரெண்டும் வேற வேற கணக்கு.”

“புரியுத மாதிரி சொல்லு, ரஹீமா.”

“ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணிதானே வரும்? ஆவியா வரும். அந்த ஆவியப் பிடிச்சுக் குளிரவச்சுத் தண்ணியாக்கினா, உள்ள ஒளிஞ்சிருக்கற சூடும் நம்ம கைக்கு வரும். அதையும் சேத்துச் சொன்னா மேல்மதிப்பு. ஒரு கிலோவுக்கு நூத்தி நாப்பத்திரண்டு மெகாஜூல். ஆனா நம்ம எஞ்ஜின்ல ஆவி ஆவியாவே புகைக்குழாய் வழியா வெளிய போயிடுது. அத விட்டுட்டுச் சொன்னா கீழ்மதிப்பு. நூத்தி இருபதுதான். தண்ணியப் பிரிச்சு வாயு எடுக்கறவங்க எப்பவும் மேல்மதிப்புலதான் பேசுவாங்க. எரிக்கற நாம கீழ்மதிப்புல. முன்னாடி கிலோவுல வாங்கினோம், வம்பே இல்ல. இப்ப எல்லாரும் மெகாஜூல்ல பேசறோம். எந்த மெகாஜூல்னு ரசீதுல கேள்வியே இல்ல. நானும் கேக்கல.”

அவள் தொடர்ந்தாள். “ஏத்தி முடிச்சப்பவே முள் குறைவாத்தான் நின்னுச்சு. பாத்தேன். புது முறை, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“எப்பவும் பத்துல ஒரு பங்கு கூடுதலா ஏத்துவோம்லா? இந்தத் தடவ எதுக்கு ஏத்தல?”

“நீங்க வேண்டாம்னு சொன்னீங்க.”

“எதுக்கு வேண்டாம்னேன்?”

“இனிமே அளவு துல்லியமா இருக்கும், சும்மா பாரம் சுமக்கக் கூடாதுன்னு...”

“ஆமா. பெரிய அறிவாளின்னு எனக்கு நெனப்பு.” அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சரி. தப்பு ஆளுக்குப் பாதி. எவ்வளவு இடிக்குதுன்னு பாப்போம், வா.”

இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். இதே வேகத்தில் போனால் கரைக்குத் தொண்ணூற்றேழு மைல் முன்னால் எஞ்ஜின் நின்றுவிடும். வேகத்தைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும், ஆனால் நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மணிக்குப் பதினைந்து கடல் மைலிலிருந்து பதினான்குக்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே முடியாது. ஏ.சி., வெந்நீர் எல்லாவற்றையும் நிறுத்தலாம். எல்லாம் செய்தும் நாற்பது மைல் துண்டு விழுந்தது.

“நாப்பது மைலுக்கு முன்னாடி நின்னுட்டா, புயலுக்குள்ள மிதக்குற டப்பாதான் நாம,” என்றார் கேப்டன். “முதல்ல கரைக்குச் சொல்லு. அதே இடத்துல ரொப்பிட்டுக் கிளம்பினவன் இன்னும் எத்தன பேரோ.”

ரஹீமா தயங்கினாள். எழுத்தில் அனுப்பினால் அது பதிவாகிவிடும். அப்புறம் தப்பே நடக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து வருடம் படித்து வாங்கிய சான்றிதழே போய்விடலாம்.

கேப்டனுக்கு அது புரிந்தது. “எழுதும்மா. எம் பேரையும் சேத்தே எழுது.”

அவள் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். அரை மணியில் பதில் வந்தது. செய்தி கிடைத்தது, புயலுக்கு முன்னால் இழுவைப் படகு எதையும் வெளியே அனுப்ப முடியாது, கவனமாக வரவும்.

கவனமாக இருந்தால் கப்பல் ஓடுமா என்று யோசித்துக்கொண்டே அவள் படியிறங்கியபோது, நடுத்தளத்திலிருந்து போண்டா வாசனை வந்தது.

கப்பலில் அன்று பயணம் செய்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கல்யாணக் கூட்டம். நாற்பத்தெட்டுப் பேர். மணப்பெண் எழிலரசி திருவாரூரில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை தீவில் வேலை பார்ப்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேயே முகூர்த்தம். அப்பா இல்லாத பெண். சாப்பாட்டில் ஒரு குறையும் வரக் கூடாது என்று அம்மா செண்பகவல்லி சமையல் மாஸ்டரையும் மளிகையையும் கையோடு கூட்டிவந்திருந்தார். ஆயிரம் பேருக்குப் பந்தி.

அய்யாறு மாஸ்டர் கப்பல் சமையலறையைக் கைப்பற்றி, பயணிகளுக்கு டிபன் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஜல்லிக்கரண்டி, தோளில் துண்டு. ரஹீமா வாசலில் நின்று, சுவர் ஓரமாக அடுக்கியிருந்த எண்ணெய் டின்களைப் பார்த்தாள். கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய். நெய்.

“வாங்க எஞ்சினியரம்மா. சூடா ரெண்டு எடுத்துக்குங்க.”

“மாஸ்டர், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

விஷயத்தைச் சொன்னாள். ஆவிக்குள் சூடு ஒளிந்திருக்கிறது என்ற இடம் வந்ததும் மாஸ்டர் கையமர்த்தினார்.

“இத இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா? வெந்நி கையில பட்டா கொப்புளம். இட்லிப்பானை ஆவி பட்டா தோலே வழண்டுடும். ரெண்டும் ஒரே கொதிதான், ஆனா ஆவிக்குள்ள கூடுதலா ஒண்ணு இருக்கு. முப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியுமே! அத எண்ணாம விட்டீங்களா?”

“அவங்க எண்ணிட்டாங்க மாஸ்டர். நமக்கு அது வராதுங்கறதத்தான் நான் கவனிக்காம விட்டுட்டேன்.”

“சரி. அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“நம்ம எஞ்ஜின் ஹைட்ரஜன்லயும் ஓடும், டீசல்லயும் ஓடும். டீசல் கொஞ்சம்தான் இருக்கு, ஸ்டார்ட் பண்ண மட்டும். ஆனா எஞ்ஜின் நல்லாச் சூடா இருக்கறப்ப டீசலுக்குப் பதிலா சமையல் எண்ணெய் ஊத்தினாலும் ஓடும்.”

மாஸ்டர் போண்டாவைத் திருப்பிப் போட்டார். “எவ்வளவு வேணும்? ரெண்டு லிட்டரா?”

அதற்குள் போண்டா வாங்க வந்த எழிலரசியும் அம்மாவும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழிலரசி ஒரு டின்னின் பக்கவாட்டைப் படித்தாள். செக்குக்காரர் இன்னும் பழைய அச்சையே ஒட்டியிருந்தார். “நூறு கிராமுக்குத் தொள்ளாயிரம் கிலோகலோரின்னு போட்டிருக்கு. கிலோவுக்கு ஒன்பதாயிரம். ஒரு கிலோகலோரிக்கு நாலு புள்ளி ஒண்ணு எட்டு கிலோஜூல். அப்ப முப்பத்தேழாயிரத்து அறுநூத்தி இருபது கிலோஜூல். மெகாஜூல்னா முப்பத்தேழரைக்கு மேல வருது. சரியா?”

ரஹீமா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். “சரி. ஆனா இதுலயும் கொஞ்சம் ஆவியோட போகும். முப்பத்தேழுன்னே வச்சுக்குவோம். ஒருதரம் ஏமாந்தது போதும்.”

“பதினஞ்சு கிலோ டின். ஐநூத்தி அம்பத்தஞ்சு மெகாஜூல். உங்களுக்கு மொத்தம் எவ்வளவு வேணும்?”

“பத்தாயிரம்.”

எழிலரசியின் உதடு ஒரு நொடி அசைந்தது. “பதினெட்டு டின். அப்பவும் பத்து மெகாஜூல் குறையுது.”

ஜல்லிக்கரண்டி சட்டி விளிம்பில் மோதி நின்றது.

“பதினெட்டு டின்னா?” மாஸ்டரின் குரல் உயர்ந்தது. “என்னம்மா வெளையாடறீங்களா? வடை, அப்பளம், ஜாங்கிரி, பூரி, வறுவல்... ஆயிரம் பேரு இலையில உக்காரும்போது நான் என்னத்த வைக்கிறது? எம் பேரு என்னாவறது? மெகாஜூலாம் மெகாஜூல்! என் ஜாங்கிரிக்கும் எஞ்ஜினுக்கும் ஒரே அளவுன்னு சட்டம் போட்டாங்கல்ல, அன்னிக்கே நெனச்சேன், இது இப்படித்தான் வந்து முடியும்னு.”

செண்பகவல்லி அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க? ஒரு அப்பளம்கூடப் போடலன்னு காலத்துக்கும் பேசுவாங்களே. உங்கப்பா இருந்தா...”

“அம்மா, கப்பல் போய்ச் சேரலன்னா அப்பளம் யாருக்கு?” என்றாள் எழிலரசி. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டியில் போண்டா கருகியது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி நடந்தது அதுவே முதல் முறையாக இருக்கும்.

எழிலரசிதான் திரும்பிக் கேட்டாள். “மாஸ்டர், எண்ணெய் இல்லாம உங்களால ஒரு பந்தி போட முடியாதா?”

“யாரப் பாத்து என்ன கேக்கற பாப்பா?”

“தெரியாமத்தான் கேக்கறேன். முடியுமா, முடியாதா?”

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ரஹீமாவிடம் திரும்பினார். “மொத்தமே பதினாறு டின்தான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க. நான் பாக்காதப்ப எடுத்துக்கிட்டுப் போங்க.”

இன்னும் இரண்டு டின் வேண்டும். அதாவது முப்பது கிலோ. கேப்டன் ஒலிபெருக்கியில் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். “பயப்படாதீய. ஆனா யாருகிட்ட என்ன எண்ணெய் இருந்தாலும் மேல் தளத்துக்குக் கொண்டாங்க. தலைக்குத் தேய்க்கறது, விளக்குக்கு ஊத்தறது, எதுவா இருந்தாலும் சரி.”

சனிக்கிழமை காலைக்குள் மேல் தளத்தில் ஒரு சந்தையே கூடிவிட்டது. தேங்காய் எண்ணெய் பாட்டில்கள் வரிசையாக வந்தன. சீர்வரிசைக் குத்துவிளக்குக்காக வைத்திருந்த நல்லெண்ணெய் வந்தது. ஓர் அம்மாள் ஆவக்காய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து, மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எழிலரசி தராசு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நிறுத்து, முப்பத்தேழால் பெருக்கிச் சுவரில் சாக்பீஸால் எழுதினாள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் முழங்கால் வலித் தைலத்தை நீட்டினார்.

ரஹீமா மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். “இது வேண்டாங்க ஐயா. எஞ்ஜினுக்கு மூட்டு வலி இல்ல.”

“வயசான எஞ்ஜின்னு சொன்னாங்களே?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். ரஹீமாவும் சிரித்தாள். நேற்று காலைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோவைத் தொட்டது. இன்னும் ஒரு டின் வேண்டும். தளத்தில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊறுகாய் ஜாடிக்கார அம்மாள் காலி ஜாடியைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசிச் சொட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கும்பலின் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அய்யாறு மாஸ்டர் பேசாமல் கீழே போனார். வாழை இலைக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு நெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து ரஹீமாவின் காலடியில் வைத்தார்.

“பருப்புக்கு ஒரு கரண்டி நெய்கூட இல்லாம எப்படின்னு எடுத்து வச்சேன்,” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். “இதையும் ஊத்துங்க.”

மதியம் ஒரு மணிக்கு ஹைட்ரஜன் தீர்ந்தது. கடல் ஏற்கனவே கறுத்துவிட்டது, அலைகள் தளத்தை எட்டத் தொடங்கியிருந்தன. கீழே எஞ்ஜின் அறையில் ரஹீமா கல்யாணக்காரர்கள் கொடுத்த நான்கு புது வேட்டிகளை மடித்துக் கட்டி எண்ணெயை வடிகட்டி வைத்திருந்தாள். நெய் எஞ்ஜினின் சூட்டிலேயே உருகியிருந்தது. வால்வைத் திருப்பினாள். எஞ்ஜின் இருமியது. ஒரு கணம் கப்பல் முழுவதும் சத்தமில்லாமல் போனது. அலை பக்கவாட்டில் மோதிய ஓசை மட்டும் கேட்டது. ரஹீமா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி ஓர் இருமல், இன்னொன்று, பிறகு கரகரவென்று ஒரு முழக்கம். வழக்கமான குரல் இல்லை, ஆனாலும் ஓடியது.

புகைக்குழாயிலிருந்து வெளியே வந்த வாசனையில் கப்பலே பலகாரக் கடையாக மணத்தது. முதலில் கடலை எண்ணெயின் வாசம். இரண்டு மணிவாக்கில் தேங்காய் எண்ணெய். வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றார்கள். கடைசிப் பத்து மைல் நெய்யில் ஓடியது. துறைமுக வாசலில் நின்ற காவலாளி, மழையில் கப்பல் கண்ணில் படுவதற்கு முன்பே யாரோ நெய் காய்ச்சும் மணம் வந்ததாகப் பின்னால் சொன்னான்.

மூன்று ஐம்பதுக்குக் கயிறு கட்டினார்கள். டின்னில் இரண்டு அங்குலம் நெய் மீதி இருந்தது. அதை மாஸ்டரிடமே திருப்பிக் கொடுத்தாள் ரஹீமா. கேப்டன் கீழே இறங்கி வந்து, அவள் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் கையை மோந்து பார்த்தார். “ஆத்தாடி, லட்டு பிடிச்ச கை மாதிரில்லா இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை புயல் மழையில் கல்யாணம் நடந்தது. ஊரில் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் அடுக்களையிலிருந்து இரண்டு லிட்டர் எண்ணெய் கொடுத்தனுப்பினார்கள். மாஸ்டர் அதைத் தொடவில்லை. “அது பத்தாது. பத்தாத எண்ணெயில செஞ்சா பத்தாத சமையலாத்தான் இருக்கும். இருக்கறத வச்சு முழுசாப் பண்றேன்,” என்றார்.

மூன்று வகை இட்லி. பூரணக் கொழுக்கட்டை. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால். வேகவைத்த பருப்பு உருண்டை போட்ட குழம்பு. வெறும் சட்டியில் கடுகை வறுத்துப் பொடித்துத் தூவிய மோர்க்குழம்பு. தணலில் சுட்ட அப்பளம். இளநீர்ப் பாயசம். பருப்புக்கு ஆளுக்கு ஒரு சொட்டு நெய். செண்பகவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு முதல் பந்தியைப் பார்த்தபடி நின்றார். பேசிக்கொண்டே உட்கார்ந்தவர்கள் முதல் வாய் வைத்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா தலையை நிமிர்த்தி, “வடை எங்கே?” என்று கேட்டார். செண்பகவல்லி மகளைத் திரும்பிப் பார்த்தார். எழிலரசி மாலையோடு வந்து, “உங்க வடையிலதான் மாமா நாங்க வந்து இறங்கினோம்,” என்று சொல்லி, நடந்த கதையை அங்கேயே சொன்னாள். அந்தக் கதை அடுத்த பந்திக்கும், அதற்கடுத்த பந்திக்கும் போனது. சாப்பிட்டு முடித்தவர்கள் கதை கேட்க எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து நாகப்பட்டினத்தில் விசாரணை. நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிவத்தில் ‘பயன்படுத்திய எரிபொருள்’ என்ற இடத்தில் ரஹீமா எழுதியிருந்ததை அவர் இரண்டு முறை படித்தார்.

“ஆவக்காய் எண்ணெயா?”

“அது ரொம்பக் கொஞ்சம்தான், மேடம்.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். “வாயு கொடுத்தவர்களைக் கேட்டோம், தங்கள் எண் சரி என்கிறார்கள். எஞ்ஜின் செய்தவர்களைக் கேட்டோம், தங்கள் எண் சரி என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மை. முள் குறைவாக நின்றதைப் பார்த்தும் நீங்கள் கையெழுத்துப் போட்டதும் உண்மை.”

“ஆமாம், மேடம்.”

“மூன்று மாதத்துக்கு நீங்கள் தனிப்பொறுப்பில் கப்பலில் போகக் கூடாது. கேப்டனுக்கு எழுத்தில் கண்டிப்பு.” அவர் அடுத்த தாளைத் திருப்பினார். “இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது. உங்கள் செய்தி வந்த வெள்ளிக்கிழமை மதியம், அதே மாதிரி ரசீதோடு ஐந்து கப்பல்கள் கிளம்பத் தயாராக நின்றன. நிறுத்தினோம். அதில் ஒன்று மருத்துவக் கப்பல். அதில் கல்யாணக் கூட்டம் எதுவும் இல்லை, எண்ணெய் டின்களும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ரசீதில் ஒரு கட்டம் கூடுதலாக வரும். மேல்மதிப்பா, கீழ்மதிப்பா என்று எழுதியே ஆக வேண்டும். அந்தக் கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எழுதித் தரப்போகிறீர்கள். மூன்று மாதம் கரையில்தானே இருக்கப்போகிறீர்கள்?”

ரஹீமா தலையை ஆட்டினாள்.

மூன்று மாதம் முடிந்து அவள் மறுபடி கடல்நாரையில் ஏறிய அன்று, சாயங்காலம் நாலரை மணிக்குத் துறைமுகத்துக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. அய்யாறு மாஸ்டர் இறங்கினார். பின்னாலேயே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரும்புச் சட்டி, அரைத்த மாவு ஒரு தூக்கு, கடலை எண்ணெய் ஒரு டின்.

“மாஸ்டர்! நீங்க இப்ப ரொம்பப் பெரிய ஆளாயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எண்ணெய் இல்லாத பந்தின்னாலே நீங்கதானாமே. தேதியே கிடைக்கலயாம்.”

“அத ஏம்மா கேக்கற.” அவர் அடுப்பைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். “மூணு மாசத்துல பதினாலு கல்யாணம். பதினாலும் ஆவியில. எல்லாரும் இலை முன்னால உக்காந்தவுடனே ஒரே கேள்வி, இதுல எத்தன மெகாஜூல் மாஸ்டர்னு. கணக்கச் சொன்னா சந்தோஷமாச் சாப்பிட்டுட்டுப் போயிடறாங்க. இனிப்பு கூடிப்போச்சா, காரம் கம்மியா, ஒருத்தர் வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்றதில்ல. வடை சுட்டு மூணு மாசம் ஆச்சும்மா. கை மறந்துடுமோன்னு பயமா இருக்கு. அதான் உங்ககிட்ட வந்துட்டேன்.”

கேப்டன் ஏற்கனவே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கப்பலை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். மாலுமிகளும் வந்தார்கள். மாஸ்டர் சட்டியைக் காயவைத்து, உள்ளங்கையில் மாவைத் தட்டி, நடுவில் துளை போட்டு, விளிம்பு ஓரமாக நழுவ விட்டார். எண்ணெய் சடசடத்தது. முதல் ஈடு பொன்னிறமாக வந்ததும், வடித்து, ஒன்றைக் காகிதத்தில் வைத்து ரஹீமாவிடம் நீட்டினார். அவள் கடித்து மென்று முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்படி இருக்கு?”

ரஹீமா இன்னொரு கடி கடித்து யோசித்தாள். “மொறுமொறுன்னு நல்லா இருக்கு மாஸ்டர். ஆனா உப்பு கொஞ்சம் கம்மி.”

அய்யாறு மாஸ்டரின் முகம் முழுவதும் மலர்ந்தது. “அப்படிச் சொல்லு!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, உப்பு ஜாடிக்குக் கை நீட்டினார்.